வளைகாப்பு மஞ்சள்

மஞ்சள் எல்லோருக்கும் பிடித்த நிறம்தானே, ஐயா. பபேடான் கடைத்தெருவில் என் சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கண்ணால்தான் சாப்பிடுவார்கள். "இயற்கை நிறம் மட்டும்" என்று பலகை எழுதி, அதன்மேல் சாமந்தி மாலை போட்டுவைத்தேன். பலகையைவிட மாலையைத்தான் நம்பினார்கள். சோற்றில் போட்டது நூலுக்குச் சாயமேற்றும் பொடி. ஒரு சிட்டிகைக்கு ஓர் அண்டா பொன்னாகும்.

எங்கள் தெருப் பெண் பவானி, தின்கன்ஜூன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட என் நிறத்தில் கொஞ்சம் கேட்டாள். எதற்கென்று கேட்காமல் கொடுத்தது என் பிழை. கேட்டிருந்தால் மஞ்சள்தூளைக் கொடுத்திருப்பேன். மஞ்சள்தூள் தண்ணீரிலும், அனுமதி பெற்ற பாக்கெட் நிறத்திலும், என் நிறத்திலும் வெங்காயத்தை நிறுத்திவைத்திருக்கிறாள். முதல் இரண்டும் வேர்விட்டன. என்னுடையது ஏறக்குறைய மொட்டையாக நின்றதாம். எட்டிப்பார்த்த துளி வேரை நுண்ணோக்கியில் பார்த்தால், பரம்பரைக் குணத்தைச் சுமக்கும் மரபிழைகள் அறுந்து கிடந்தனவாம். பூவில் வந்தாலும் ஆலையில் வந்தாலும் சோதித்த பிறகுதான் நம்பவேண்டும் என்று, நிறைமாதத்தை நெருங்கிய வயிற்றோடு நின்று எனக்குப் பாடம் நடத்தினாள்.

"எங்கடைச் சோத்த வெங்காயமா வந்து தின்னுது?" என்றேன்.

"நாந்தான் தின்னேன் அத்தே. எம்புள்ளைக்கு என்ன ஆவுமோன்னு தூக்கமே வர்றதில்ல. அந்தப் பொடியத் தூக்கிப் போட்டுருங்க."

போட்டுவிட்டதாகச் சொன்னேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்றாள். என்னை நம்பி வளைகாப்புச் சோற்றையும் எனக்கே சொன்னாள். நல்ல பெண்.

வளைகாப்பு அன்று எலுமிச்சைச் சோற்றுக்கு நியாயமாக மஞ்சள்தூள்தான் போட்டேன். அவள் மாமியார் பவுனம்மாள் மூடியைத் திறந்து பார்த்தாள். "என்னா செல்லக்கண்ணு, சோறு சீக்காளி மாதிரி வெளிறிக் கெடக்கு? எங்க வூட்டு விசேசம்னா எளக்காரமா?"

தெருவே வந்திருந்தது. வெளிறிய சோறு போட்டவள் என்ற பெயரோடு நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? அதை ஒதுக்கிவிட்டு வேறு வடித்தேன். சோறு பொன்னானது. பவுனம்மாளுக்கு வாயெல்லாம் பல்.

வளையல் போட்டபின் மூத்த பெண்கள் ஊட்டுவார்கள். மறுக்கக்கூடாது என்பது வழக்கம். என் முறை வந்ததும் பவானி மெதுவாகக் கேட்டாள்: "மஞ்சத்தூள்தானே அத்தே?"

"ஆமாம்மா."

அவள் வாய் திறந்தாள். நிறைவாகவே ஊட்டினேன். சபையில் கஞ்சத்தனம் காட்டுவது எனக்குப் பிடிக்காது.

அவள் சேலையில் ஒரு பருக்கை விழுந்திருக்கிறது. மஞ்சள்தூள் கறை சோப்புப் பட்டால் சிவக்கும். அவள் துவைத்தபோது இது சிவக்கவில்லை. அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். பவானி அழுதாள் என்றீர்கள். வருத்தம்தான். ஆனால் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். என் மகள் சத்யபாமாவும் முழுகாமல் இருக்கிறாள். அன்று பவானிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் சோற்றுக்கு அவள் கை நீட்டியபோது, தட்டிவிட்டுத் தயிர்ச்சோறு வைத்தேன். வயிற்றுப் பிள்ளை விஷயத்தில் நான் ஒருநாளும் அஜாக்கிரதையாக இருந்ததில்லை, ஐயா.