கீழ ஆள் இருக்கு

பின்னேரம் அஞ்சேகால்... ஆனால் டிசெம்பர். இந்தக் கனடாவில டிசெம்பரில அஞ்சேகாலெண்டால் என்ன, நடுச்சாமமெண்டால் என்ன, இருட்டு ஒண்டுதான். விட்பியில புது வீடுகளெல்லாம் முடிஞ்ச பிறகு, ஏரிப்பக்கம் இறங்கிற ஒரு றோட்டு இருக்கு. ஒரு பக்கம் தண்டவாளம். மற்றப் பக்கம் வெறும் வெளி, அதில வெள்ளையாச் சினோ. அந்த றோட்டில ஒரு பழைய கொரோலா தனியப் போகுது.

மாக்கஸ், அந்த லைற்றைப் போடாதை. பயமெண்டால் மேல கொம்மாவிட்டைப் போ. மற்றாக்கள் கிட்ட வாங்கோ. இந்த பேஸ்மென்றில வீட்டைச் சூடாக்கிற ஃபர்னஸ் இந்த இரைச்சல் இரையேக்க எனக்குக் கத்திக் கதைக்கேலாது.

காரில போனது ஆரெண்டால், எங்கட சிவானியின்ர பெரியப்பா, நவரட்ணம். சிவானி இதிலதான் இருக்கிறாள், பொய்யெண்டால் இப்பவே எழும்பிச் சொல்லட்டும். மோர்னிங்சைட்டில இருந்த மனுசன். பேய் பிசாசை நம்பாதவர். கோயிலுக்கே சாப்பாட்டுக்குத்தான் போறவர்.

இஞ்சை வரமுந்தி அவர் இங்கிலாந்து. அறுபத்திரண்டில கணக்கியல் படிக்கவெண்டு போனவர். படிப்பு சரிவரேல்லை. வடக்குப் பக்கம், ரெயின் எஞ்சினுகளை நிப்பாட்டித் திருத்திற ஒரு செட்டில வேலைக்குச் சேந்தார். முதல் எஞ்சின் துடைக்கிற வேலை, பிறகு ஃபயர்மன். நெருப்புக்கு நிலக்கரி அள்ளிப் போடவேணும், முதுகு முறியும். நீராவி எஞ்சினுக்குக் கடைசி வருசங்கள் அது. கிழமைக்குக் கிழமை ஒவ்வொண்டாக் கொண்டுபோய் இரும்புக்கு உடைக்கினம். இனி இந்த வேலையில சோறு இல்லையெண்டு வெள்ளைப் பெடியள் விட்டிட்டு ஓடீட்டாங்கள். அந்த இடைவெளியிலதான் எங்கட ஆக்களுக்கு ஒரு கதவு திறந்தது.

அங்க இவரோட இன்னொரு தமிழன். மன்னார்ப் பெடியன், பஸ்ரியன் எண்டு பேர். எஞ்சின் திருத்திற ஃபிற்றர். எஞ்சின் நிக்கிற இடத்துக்குக் கீழ, தண்டவாளத்துக்கு நடுவில ஒரு நீளக் குழி இருக்கும். அதுக்குள்ள இறங்கி, மேல உள்ள இரும்புகளுக்கிடையில உடம்பை நெளிச்சு விட்டு வேலை செய்யவேணும். அவனுக்குத் தீராத பல்லுக்கொதி... எந்த நேரமும் வாயில கராம்பு. சுத்தியலால தட்டினாலும் ஒரு கணக்கு வைச்சிருந்தான். டக் டக்... ... டக். கண்ணை மூடிக்கொண்டு நிண்டாலும் கீழ நிக்கிறது பஸ்ரியன் எண்டு தெரியும்.

இப்ப ஒண்டு சொல்லுறன், அதை மனசில வைச்சிருங்கோ. கீழ இறங்கமுந்தி, எஞ்சினின்ர முன் கொழுக்கியில ஒரு சிவப்புப் பலகை மாட்டவேணும். 'அசைக்காதே' எண்டு எழுதியிருக்கும். அதை மாட்டினவன்தான் கழட்டலாம். வேற ஆர் தொட்டாலும் பிழை. ஃபோர்மன் தொட்டாலும் பிழை, மகாராணி வந்து தொட்டாலும் பிழை. அது அந்த வேலையின்ர சட்டம்.

அறுபத்தேழு, கார்த்திகை. ஒரு சாமான் ரெயினுக்கு எஞ்சின் அவசரமாத் தேவை. நவரட்ணம் மேல நிண்டு நெருப்பைப் பாக்கிறார், கீழ குழிக்குள்ள பஸ்ரியன். ஃபோர்மன் விறுவிறெண்டு வந்தான். கொழுக்கியில கிடந்த பலகையைக் கழட்டினான்... கமக்கட்டுக்குள்ள செருகினான்... றைவருக்குக் கை காட்டினான். எல்லாம் இந்த மனுசன் கண்ணால கண்டது. ஐயோ எண்டு கத்த வாய் திறக்கமுந்தி எஞ்சின் அசைஞ்சிட்டுது. கனக்க இல்லை, ஒரு முழம்.

ஒரு முழம் போதும் தானே.

விசாரணையில ஃபோர்மன் நெஞ்சை நிமித்திக்கொண்டு சொன்னான், பலகை மாட்டவேயில்லை, செத்தவன்ர கவலையீனம், அவன்ர பிழை எண்டு. பிறகு இவரைக் கூப்பிட்டு ஒரு கடுதாசியை நீட்டினாங்கள். 'நானும் பலகையைக் காணவில்லை.' கீழ ஒரு கோடு. இவருக்கு அப்ப இருபத்தாறு வயசு. வேலை போனால் அறை போகும், அறை போனால் நாடு போகும். வைச்சிட்டார் கையெழுத்தை.

அதோட விட்டாங்களோ? மன்னாரில பஸ்ரியன்ர மனுசி யூஜினி. அவவுக்கு இங்கிலீசில எழுதின கடிதத்தைத் தமிழில மாத்தித் தா எண்டு இவரிட்டையே குடுத்தாங்கள். 'உங்கள் கணவரின் கவலையீனத்தால்...' எண்டு தன்ர கையால எழுதினார். சும்மா ஒரு சொல்லுத்தான். ஆனால் அந்த ஒரு சொல்லு அந்த மனுசனை இருபத்தொன்பது வருசம் அரிச்சுக்கொண்டிருந்தது. வெக்கம், பிள்ளையள். பேயைவிட வெக்கம் பொல்லாதது.

பிறகு கனடா. பார்க்டேலில கோப்பை கழுவினார், செக்கியூரிற்றி வேலை செய்தார், மோர்னிங்சைட்டில வீடு வாங்கினார். ஒருத்தரிட்டயும் இதைப்பற்றி மூச்சு விடேல்லை. தொண்ணூற்றாறு வைகாசியில ஆரோ சொல்லிச்சினம், விட்பியில ஒரு பணக்காரக் கிழவன் பழைய எஞ்சின் சேக்கிற விசரன், சும்மா போய்ப் பாக்கலாம் எண்டு. போனார். தகரச் செட். உள்ளுக்கை மூண்டு எஞ்சின் நிக்குது, ஒவ்வொண்டுக்கும் கீழ ஒரு குழி. மூலையில நிண்டதைப் பாத்தார்... கறுப்பு. கிட்டப் போனார். நம்பரைப் பாத்தார்.

அதே எஞ்சின்.

உலகத்தில எத்தினை எஞ்சினை உடைச்சு வித்தாங்கள்! இதை மட்டும் கப்பலில ஏத்தி இவரின்ர வீட்டில இருந்து அரை மணித்தியாலத் தூரத்தில கொண்டுவந்து விட்டிருக்கு. ஆனால் மனுசன் ஓடேல்லை. கிழவனிட்டைக் கேட்டு, அடுத்த சனிக்கிழமை எண்ணெய்யும் துணியும் கொண்டு போனார். அதுக்கடுத்த சனியும் போனார். சம்பளமில்லை, ஒண்டுமில்லை. துடைக்கிறது, வாறது.

ஐப்பசியில ஒரு சனி. மேல ஏறி நிண்டு பித்தளைக் குழாயைத் துடைக்கிறார். செட்டில வேற ஒரு ஈ காக்கை இல்லை. கீழ இருந்து...

டக் டக்.

...

டக்.

கையில இருந்த துணி விழுந்திட்டுது. பிறகு மணம் வந்தது. முதல் ஈரச் சாம்பல் மணம். இருபத்தொன்பது வருசமா நெருப்புக் காணாத எஞ்சினில எங்கால சாம்பல்? பிறகு அதுக்குள்ளால, மெல்லமா... கராம்பு.

அடுத்த சனி போனால், முன் கொழுக்கியில சிவப்புப் பலகை தொங்குது. கிழவனைக் கேட்டார். அப்பிடி ஒரு பலகையை நான் வாங்கவுமில்லை, காணவுமில்லை எண்டான் கிழவன். பலகையின்ர மூலையில ஒரு பெருவிரல் அடையாளம். கரி. தொட்டுப் பாத்தவர்... ஈரமாயிருந்ததாம்.

ஷாமிலா, ஏன் காலை மேல எடுக்கிறாய்? கதிரைக்குக் கீழ ஒண்டுமில்லை. நான் பாத்திட்டுத்தான் இருந்தனான்.

கார்த்திகையில கிழவன் செத்துப்போனான். மகன் எல்லாத்தையும் வித்தான். இந்த எஞ்சினை வாங்கினது ஒரு ரெஸ்ரோரன்ற்காரன், வாசலில அலங்காரத்துக்கு வைக்க. ஏத்தி அனுப்பிற பொறுப்பு ஒரு மனேஜருக்கு. ரை கட்டின வெள்ளைக்காரன், மணிக்கூட்டைப் பாத்துப் பாத்துத்தான் கதைப்பான். ரெண்டு தரம் பெரிய ட்றக் வந்தது. ரெண்டு தரமும் பலகை கொழுக்கியில. ட்றக்காரன் கொஞ்சம் விசயம் தெரிஞ்சவன். இந்தப் பலகை தொங்கேக்க நான் இழுக்கமாட்டன், கீழ ஆளில்லை எண்டு எஞ்சின் தெரிஞ்ச ஒருத்தன் கையெழுத்து வைக்கட்டும் எண்டிட்டுத் திரும்பிப் போட்டான்.

எஞ்சின் தெரிஞ்ச ஆள் அங்க ஆர்? நவரட்ணம்தான். வரச்சொல்லி ரெலிபோன் வந்தது. அதுக்குத்தான் அந்த டிசெம்பர், அந்த அஞ்சேகால், அந்த றோட்டு.

போய் இறங்கினார். செட்டுக் கதவு திறந்து கிடக்கு, காத்துக் காதைக் கடிக்குது. ட்றக் ரெடியா நிக்குது. எஞ்சினில சங்கிலி பூட்டியாச்சு. மனேஜர் ஒரு கடுதாசியை நீட்டினான், பேனையும் சேத்து. 'எஞ்சினுக்குக் கீழ எவருமில்லை. அசைக்கலாம்.' கீழ ஒரு கோடு.

மனுசன் அந்தக் கோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டார். நாடு வேற, ஆள் வேற. கோடு அதே கோடுதான்.

கீழ... டக் டக். ... டக்.

மனேஜருக்குக் கேக்கேல்லை.

"கீழ ஆள் இருக்கு" எண்டார் நவரட்ணம்.

"ஆர்?"

"பலகையை மாட்டினவன்."

"விளையாட்டுக் காட்டாதை. பலகையை மாட்டுறது நீதான் எண்டு எனக்குத் தெரியும். கையெழுத்தை வை, இல்லாட்டி இனி இந்தப் பக்கம் காலெடுத்து வைக்கப்படாது."

"ஒருக்கா வைச்சனான்" எண்டார் இவர். "அது காணும்."

பேனையை மூடி பூட்டித் திருப்பிக் குடுத்தார். மரியாதையாத்தான் குடுத்தார். மனேஜருக்கு முகம் சிவந்திட்டுது. கடுதாசியைப் பறிச்சுத் தானே கையெழுத்து வைச்சான். நேர எஞ்சினின்ர முன்பக்கம் போனான். பலகையைக் கழட்டினான். கமக்கட்டுக்குள்ள செருகினான். ட்றக்காரனுக்குக் கை காட்டினான்.

அதைக் கண்டதும் மனுசனுக்குத் தலைக்கு ஏறீட்டுது. அம்பத்தஞ்சு வயசு, முழங்கால் ரெண்டும் நோ. ஆனால் குழிக்கு இறங்கிற படியை இருபத்தாறு வயசுக்காரன் மாதிரித் தாண்டி இறங்கினாராம்.

"இப்ப ஆள் இருக்கு!" எண்டு கீழ இருந்து கத்தினார். "ஏலுமெண்டால் இழுங்கோ பாப்பம்!"

மேல ட்றக்கின்ர வின்ச், அந்தச் சங்கிலி இழுக்கிற யந்திரம், இரையத் தொடங்கீட்டுது. ஒருத்தருக்கும் கேக்கேல்லை. சங்கிலி... கிறீச்... எண்டு இறுகுது. இவர் வெளியில வரேல்லை. உள்ளுக்குப் போனார். அண்டைக்குப் பஸ்ரியன் உடம்பை விட்ட அதே இடத்தில, ரெண்டு சில்லுக்கும் நடுவில உள்ள இரும்புகளுக்கிடையில, தன்ர உடம்பை விட்டார். கும்மிருட்டு. வெளியில மைனஸ் பதினொண்டு... இரும்பு இளஞ்சூடாயிருந்தது. பிடரியில ஒரு துளி தண்ணி விழுந்தது. அதுவும் சூடு.

அப்பதான் பக்கத்தில ஆரோ உடம்பை அரக்கி இடம் விட்டினம்.

முட்டேல்லை. தோளுக்குப் பக்கத்தில உடுப்பு உரசின சத்தம் மட்டும். கராம்பு மணம், மூக்குக்கு நேர. நவரட்ணம் திரும்பிப் பாக்கேல்லை. பயத்தில இல்லையாம், வெக்கத்தில. ஆனால் வாய் திறந்தார். இருபத்தொன்பது வருசத்துக்குப் பிறகு திறந்தார்.

"பஸ்ரி... நீ மாட்டினாய். அவன் கழட்டினான். நான் கண்டனான். உன்ர கவலையீனமில்லை. எங்க வேணுமெண்டாலும் சொல்லுவன். ஆரிட்டை வேணுமெண்டாலும் சொல்லுவன்."



மேல வின்ச் முக்குது... முக்குது... சங்கிலி பாடுது... எஞ்சின் ஒரு நூலளவும் அசையேல்லை. கை பிறேக் இல்லை, சில்லுக்குக் கட்டையில்லை, எல்லாம் எடுத்தாச்சு. எண்டாலும் அசையேல்லை. கடைசியில வின்ச் ஒரு உதறு உதறி நிண்டிட்டுது. ட்றக்காரன் தன்ர ட்றக்கை விட்டிட்டே றோட்டால நடக்கத் தொடங்கீட்டான். அவன் கெட்டிக்காரன்.

மனேஜர் ரோச்சு லைற்றோட வந்தான். என்ன சிக்கினதெண்டு பாக்கக் குழிக்குள்ள குனிஞ்சு லைற்றை அடிச்சான். திடுக்கிட்டுப்போனான். பிறகு வந்தது பாருங்கோ கோவம்.

"உங்களுக்கென்ன விசரோ? ரெண்டு பேரும் வெளியில வாங்கோ!"

ரெண்டு பேரும்.

நவரட்ணம் இரும்புகளுக்குள்ளால தன்னை உருவி எடுத்தார். மெதுவாப் படி ஏறினார். கிறீஸ் பட்ட கையைக் காற்சட்டையில துடைச்சார். மனேஜரின்ர கமக்கட்டுக்குள்ள இருந்து அந்தப் பலகையைத் தன்பாட்டில இழுத்து எடுத்துக் கொழுக்கியில மாட்டினார். மனேஜர் தடுக்கேல்லை. லைற் இன்னும் குழிக்குள்ளதான் அடிச்சபடி.

"மற்ற ஆளையும் வரச்சொல்லு" எண்டான்.

"நீயே கூப்பிடு" எண்டார் இவர். "கையெழுத்து வைச்சது நீதானே. பேர் பஸ்ரியன்."

மனேஜர் குனிஞ்சான். வாய்க்குள்ள வராத பேரை உடைச்சு உடைச்சுக் கூப்பிட்டான்.

"பாஸ்... ரியன்!"

பிறகு கீழ இருந்து, ஆழத்தில, வேலையை வைச்சிட்டு எழும்பிற ஒருத்தன்ர அலுத்த குரலில, தமிழில...

"ஓம்... வாறன்."

மனேஜர் நிமிந்து இவரைப் பாத்தான். "என்ன சொல்லுறான்?"

நவரட்ணம் குளிர்ச்சட்டையின்ர கடைசிப் பொத்தானைப் பூட்டினார்.

"வாறானாம்" எண்டார். "லைற்றை அணைக்காமல் பிடிச்சுக்கொண்டு நில்லு."