மூக்கைத் தூக்கிப் பார்க்காத ஞாயிறு

கார்புரேட்டரைக் கண்ணால் பார்த்து யாரும் சரிசெய்வதில்லை, சார். காதால்தான். உடைந்த எஞ்சினை ஸ்டேஷன் மேசையில் வைத்து, "என்ன கோளாறுன்னு பாத்துச் சொல்லுங்க" என்று என்னைக் கூப்பிட்டிருப்பதும் அதனால்தானே. எங்கள் கிளப்பில் ரிமோட்டில் ஓடும் மாதிரி விமானங்களைப் பறக்கவிடுகிற அத்தனை பேருக்கும் நான்தான் காது.

வேலை சின்னதுதான். எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டு, விசிறிக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஊசித் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருப்ப வேண்டும். திருப்பத் திருப்ப எரிபொருள் குறையும், சத்தம் மெலிந்து இனிமையாக ஏறும். அந்த உச்சியிலேயே ஆசைப்பட்டு நின்றுவிடக் கூடாது. திருகைக் கொஞ்சம் வெளியே திருப்பிவிட்டு, விமானத்தைக் கையில் பிடித்து, மூக்கை வானத்துக்குத் தூக்கிப் பார்க்க வேண்டும். அப்போதும் சுருதி மாறாவிட்டால் பறக்கலாம். உச்சியிலேயே விட்டால் தரையில் தேனாகப் பாடும். மேலே ஏறும்போது எரிபொருள் எட்டாமல் நின்றுபோகும்.

என் தம்பிக்கு இந்தக் காது கிடையாது. அவனுக்குக் கை. விமானம் அவன் விரலுக்கு ஆடும், கூட்டம் கைதட்டும். உலகத்தில் ஆக்குகிறவன் ஒருவன், உண்கிறவன் ஒருவன். அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதில்லை.

என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து அந்த மைதானத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. "அந்த இரைச்சல்ல என்னதான் இருக்கு, ஞாயித்துக்கிழமையானா அங்கயே கெடக்கறீங்க?" என்பாள். இந்த வருஷம் திடீரென்று வர ஆரம்பித்தாள். வருவது என்னோடு, நிற்பது அவன் பக்கத்தில். இரண்டு பேரும் ரிமோட்டின்மேல் குனிந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் அவள் சிரித்தது என் காதில் விழுந்தது. அப்படி ஒரு சிரிப்பை அவள் என்னிடம் சிரித்ததே இல்லை.

"என்ன ரகசியம்?" என்று வீட்டில் கேட்டேன்.

"ஒண்ணுமில்லைங்க, நீங்க சும்மா இருங்க." சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.

அந்த ஞாயிறு தம்பி வழக்கம்போல விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, கொஞ்சம் காது குடு." சத்தத்தை உச்சிக்குக் கொண்டுபோனேன். அங்கேயே விட்டுவிட்டேன். மூக்கைத் தூக்கிப் பார்க்கவில்லை. "என்னமா பாடுதுண்ணே," என்று என் தோளைத் தட்டினான். அவள் கண்ணெதிரே அது விழுந்து நொறுங்க வேண்டும், அவன் முகம் தொங்கிப்போக வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். அதோடு முடிந்திருந்தால் உங்களுக்கும் அலைச்சல் இல்லை.

விமானம் ஓடுபாதையின் முனையில் போய் நின்றபோதுதான் பார்த்தேன். ரிமோட் அவள் கையில் இருந்தது. அவன் பின்னால் நின்று, அவள் விரல்களைப் பிடித்து எதையோ காட்டிக்கொண்டிருந்தான்.

எஞ்சின் நடுவானில் நின்றால் பழகியவன் நேராகவே போய்ப் புல்லில் இறக்குவான். புதிதாகக் கற்பவர்கள் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். பயந்துபோய்த் தங்கள் பக்கம் திருப்புவார்கள். இது எனக்குத் தெரியும். ஒரு சத்தம் போட நேரம் இருந்தது. தாராளமாக இருந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு காருக்குப் பின்னால் போய் நின்றேன்.

ஏறும்போதே எஞ்சின் நின்றது. "திருப்பாதீங்க அண்ணி!" என்று தம்பி அலறினான். அவள் திருப்பிவிட்டாள். இறக்கை சாய்ந்து, மூக்கு நேராக அவளை நோக்கி வந்தது. பொம்மை என்று பெயர்தான், தூக்கிப் பார்த்தால் எடை தெரியும். தம்பி பாய்ந்து அவளை இழுத்தான், அதற்குள் அது அவள் தலையில் மோதிவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். "உனக்குத் தெரியாமக் கத்துக்கணும்னு அண்ணிக்கு ஆசைண்ணே. நல்லாப் பழகிட்டு உன் விமானத்தை ஓட்டிக் காட்டணும்னாங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமை பூரா உன் பக்கத்துலயே இருக்கலாமாம்."

அவன் அப்படித்தான் சொல்வான்.

எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை, சார். எழுதிக்கொள்ளுங்கள். அதை நிற்க வைத்தது நான். அவளைத் தெரிந்தே சாகவிட்டதும் நான்தான். காரணமில்லாமல் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தச் சிரிப்பை நான் கேட்டேன். என் காது இதுவரை தப்பாகக் கேட்டதே இல்லை.