சீமெந்து பூசிய வீடுகள்

பல வருடங்களுக்கு முன், தென் லண்டனில், தேவாலயத்தை ஒட்டிய பழைய ஓக் மரச்சட்ட வீட்டு வரிசைக்குச் சுண்ணாம்புப் பூச்சை உடைத்துச் சீமெந்து பூசச் சொன்ன பொறியியலாளர் நான்தான். மழைக்குச் சீமெந்துதான் காவல் என்பது யாழ்ப்பாணத்தில் வீடு கட்டிப் பழகிய புத்தி. ஈரம் உள்ளே அடைபட்டால் மரச்சட்டம் உக்கும் என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.

சென்ற மாதம் நோர்பரி போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தமிழ்த் தம்பதி.

“சுவரிலை கை வைச்சா மரம் புட்டு மாதிரி உதிருது. எந்த மடையன் சீமெந்து பூசினவன்?” என்றாள் மனைவி.

“கத்தாதையும். சேர்ச்சுக்குப் பக்கத்து வரிசை முழுக்க அப்பிடித்தான்.”

“பிள்ளையின்ரை அறைக் கூரை இறங்குது, நான் கத்தாமல்? அவனைக் கண்டா அந்தச் சீமெந்தை வாயுக்கை அடைவன்.”

“அவன் செத்திருப்பான்.”

“அவ்வளவு லேசாத் தப்ப விடேலாது.”

மறுநாள் அந்த வரிசையில் வீடு வீடாகத் தட்டி, பிழை என்னுடையது, சீமெந்தை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுங்கள் என்றேன். மூன்றாவது கதவை அவளே திறந்தாள்.

“நேற்று பஸ்ஸிலை பின்னாலை இருந்தனீங்கள் எல்லே?”

“ஓம்.”

“அப்பவும் வாயை மூடிக்கொண்டு கேட்டனீங்கள், என்ன?”

இப்போது சீமெந்தை உடைக்கிறார்கள். நான் தினமும் தெருவில் நின்று பார்க்கிறேன். வாசலைத் தாண்ட அவள் விடுவதில்லை.