மூன்று திருத்தங்களுக்கு மேல் இல்லை

செர்வா: பதினாலாவது தடவை, போவாடி சார். பதினாலு! சுவத்துல என்ன எழுதியிருக்கு? வாய்விட்டுப் படிங்க.

போவாடி: கண்ணாடி கொண்டு வரலம்மா...

செர்வா: பொய். சட்டைப் பையிலேருந்து எட்டிப் பாக்குது.

போவாடி: "மூன்று திருத்தங்களுக்கு மேல் இல்லை. அதற்கு மேல் கேட்போர் புதிய வேலையாகத் தருக." நல்லா எழுதியிருக்கம்மா. எழுத்துகூட அழகா...

செர்வா: புகழாதீங்க. தையல்காரர் தைச்சுக் கொடுத்த சட்டையைப் போட்டுப் பார்த்துட்டு, "காலரை முதுகுக்கு மாத்து"ன்னு கேட்பீங்களா? டிசைன் போடறவன்னா மட்டும் ஏன் இந்த இளப்பம்? உட்கார்ந்து செஞ்சா உழைப்பு இல்லையா? வேர்வை தரையில சொட்டினாத்தான் கூலியா? எங்க நேரம் என்ன தெருக்குழாய்த் தண்ணியா, திறந்து விட்டுட்டுப் போறதுக்கு?

போவாடி: மைக் ஒண்ணுதான் குறைச்சல். இந்தா, சுட்ட வாழைக்காய், நிலக்கடலை. இன்னும் சூடு ஆறல.

செர்வா: திருத்தத்துக்குத் திருத்தம் ஒரு வாழைக்காய்... அங்க வையுங்க. இன்னிக்கு என்ன? முதல்ல போஸ்டர்ல உங்கப்பா பின்னாடி இருந்த மேகத்தை எடுக்கச் சொன்னீங்க. அப்புறம் தொப்பியை எடு. அப்புறம் தொப்பியை வை. வயசு எண்பத்திரண்டு, எண்பத்துநாலு, திரும்ப எண்பத்திரண்டு. செத்தவரோட வயசு எப்படி சார் ஏறி இறங்குது?

போவாடி: எங்கப்பா லாரி ஓட்டினவரு. ஏறி இறங்கித்தான் பழக்கம்.

செர்வா: நான் சிரிக்க மாட்டேன். சனிக்கிழமை அடக்கம். இன்னிக்குப் பன்னண்டு மணிக்குள்ள அச்சகத்துக்கு அனுப்பலன்னா, இந்தக் குமாசி ஊர்ல ஒரு சுவத்துலகூட உங்கப்பா முகம் இருக்காது.

போவாடி: தெரியும். மணி என்ன?

செர்வா: பதினொண்ணேமுக்கால்.

போவாடி: அப்ப நேரம் இருக்கு... அந்தப் பிள்ளைங்க பட்டியலைக் காட்டு.

செர்வா: மறுபடியுமா? பாருங்க... "ஒன்பது பிள்ளைகளை விட்டுச் சென்றார்"னு மேல கொட்டை எழுத்துல இருக்கு. கீழ எட்டுப் பேர்தான். நாலு தடவை சொல்லிட்டேன். ஒண்ணு, ஒன்பதை எட்டாக்குங்க. இல்ல...

போவாடி: ஒன்பதைத் தொடாதே.

செர்வா: ஊரே எண்ணும் சார்! அழ வர்றவங்க முதல்ல அதைத்தான் எண்ணுவாங்க. ஒரு உயிரைக் கணக்குல சேர்த்துட்டுப் பேரை மட்டும் ஒளிச்சு வெக்கிறீங்களே, அதுக்கு உங்க வீட்டுல என்ன சொல்லுவாங்க? மானமா? கௌரவமா?

போவாடி: கத்தாதேம்மா.

செர்வா: யார் கத்தறா?

போவாடி: நீதான். எதுக்கு இவ்வளவு கோபம்?

செர்வா: பசி.

போவாடி: வாழைக்காயைத் தொடவே இல்லியே... சரி, விடு. எட்டாவது பேருக்குக் கீழ ஒரு வரி அளவுக்கு இடம் ஏன் சும்மா கிடக்கு? வெறும் கறுப்பா?

செர்வா: அது... எழுத்துக்கு மூச்சு விட இடம் வேணும். தொழில் விஷயம். டயர் விக்கிறவருக்குப் புரியாது.

போவாடி: டயருக்கும் காத்து வேணும்னு தெரியும். இன்னொண்ணு கேக்கறேன். நேத்து ஒரு பாஸ்டர் கல்யாண அழைப்பிதழோட வந்தாரே... நாலாவது திருத்தம்னு வாயைத் திறந்ததும் சுவத்தைக் காட்டி விரட்டினே. பாஸ்டரையே! என்னை மட்டும் ஏன் பதினாலு தடவை உள்ள விட்டே?

செர்வா: துக்க வீடாச்சே, பாவம்னு...

போவாடி: உனக்கு வர்றதுல முக்கால்வாசி சாவு போஸ்டர்தானே?

செர்வா: ...மணி ஆகுது சார்.

போவாடி: அந்தத் தழும்பு.

செர்வா: எந்தத் தழும்பு?

போவாடி: நான் உன்கிட்ட கொடுத்தது பழைய பாஸ்போர்ட் படம். இடது கன்னம் வெளுத்துப்போய் ஒண்ணுமே தெரியாது. நீ முதல் நாள் காட்டின போஸ்டர்ல, இடது தாடையில, லாரிக் கண்ணாடி கிழிச்ச தழும்பு இருந்துது. அந்த வளைவுகூட அப்படியே. அது எங்கேருந்தும்மா வந்துது?

செர்வா: நிழலா... இருக்கும்.

போவாடி: அந்த நிழலை எடுன்னு சொல்லியனுப்பினது எங்க குலத்துக்கே மூத்த குடும்பத் தலைவர். மறுநாள் வந்து திரும்ப வைன்னு சொன்னது நான். எடுத்த அன்னிக்கு நீ எழுந்து வெளியில போனே. கண்ணுல தூசின்னே.

செர்வா: ...வியாழக்கிழமை வியாழக்கிழமை லாரி வரும். துங்க்வா ஊர்ல, எங்கம்மா துணிக்கடை வாசலுக்கு. அவர் மடியில உட்கார்ந்து, அந்தத் தழும்பை விரலால தடவிக்கிட்டே தூங்கிடுவேன். எனக்கு ஏழு வயசுல லாரி வர்றது நின்னுபோச்சு. ஹார்ன் சத்தம் கேட்டா இன்னமும் திரும்பிப் பாக்கறேன், சார்... இப்ப இந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள அவர் முகத்தை நாலு மடங்கு பெருசாக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நீங்க திருத்தம் கேட்கக் கேட்க, இன்னும் ஒரு நாள் என்கூட இருப்பாரேன்னு... அனுப்பிட்டா முடிஞ்சுது இல்ல? உங்களுக்கு... முதல்லயே தெரியுமா?

போவாடி: ஆஸ்பத்திரியில சொன்னாரு. "எனக்குப் பிள்ளைங்க ஒன்பது. எங்கம்மா பேரை வெச்ச பொண்ணு அடும் கடைத்தெருவுல போஸ்டர் போடறா. எதிர்ப்பக்கம் நின்னு பார்த்திருக்கேன், படி ஏறக் கால் வரல"ன்னாரு.

செர்வா: நின்னாரா? எப்போ? எந்த இடத்துல?

போவாடி: அதோ, வாழைக்காய் சுடற அம்மா பக்கத்துல. வாங்கித் தின்னுக்கிட்டே உன்னைப் பார்ப்பாராம்.

செர்வா: அய்யோ... தலையைத் தூக்கியிருந்தா... ஒரு தடவை தூக்கியிருந்தா...

போவாடி: அழாதேம்மா.

செர்வா: அப்ப இந்தப் பதிமூணு திருத்தமும்...

போவாடி: தொப்பியாவது, மேகமாவது! எங்க தலைவர் ஒத்துக்கணுமே. "அவ அம்மா வீட்டுக்குப் பரிசமாச் சாராயப் புட்டி கொண்டுபோய் வைக்கல, அதனால அது கல்யாணம் இல்ல, அந்தப் பிள்ளை பேர் வராது"ன்னாரு. "புட்டி போகலன்னா வயித்துல வளர்ந்தது கல்லா? புட்டிக்கு இருக்கிற மரியாதை பெத்தவளுக்கு இல்லையா?"ன்னு கேட்டேன். ஒரு நாள் இல்ல, தினமும் கேட்டேன். போஸ்டர் முடிஞ்சா என் பேச்சும் முடிஞ்சுடும். அதான் முடிக்க விடல. இன்னிக்குக் காலையில வாயைத் திறந்தாரு.

செர்வா: என்னன்னு?

போவாடி: "போட்டுத் தொலை"ன்னாரு.

செர்வா: அவ்வளவுதானா?

போவாடி: போதும்மா, எனக்கு அது போதும். பதினாலாவது திருத்தம் இதுதான். பன்னண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கு. பட்டியல்ல உன் பேரை எழுது.

செர்வா: எழுத வேணாம்.

போவாடி: ஏம்மா... எங்க மேல கோபமா?

செர்வா: முதல் நாளே எழுதிட்டேன். அந்தச் சும்மா கிடக்கிற வரியில, கறுப்பு மேல கறுப்பா. யாருக்கும் தெரியாம அவரோடயே சுவத்துல ஒட்டிக்கிட்டுப் போயிடலாம்னு... நிறத்தை மட்டும் வெள்ளையாக்கணும். இங்க... நீங்களே அழுத்துங்க.