காயாத நீலம்

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பொழுது போகாது, சார். கார் பெயிண்ட் அடிக்கக் கற்றுக்கொண்டது அதனால்தான். ஆறு நாள் தஞ்சாவூரில் கல்லூரி அலுவலகம், கம்ப்யூட்டர். ஏழாவது நாள் கையால் ஏதாவது செய்யத் தோன்றும்.

திருத்துறைப்பூண்டியில் யூனுஸ் அண்ணன் பட்டறைக்குப் போய்க் கேட்டேன். "கயல்விழி, கோலம் வேற, இது வேறம்மா" என்று சிரித்தார். சிரித்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு உப்புத்தாளைக் கையில் கொடுத்தார். நாலு மாதம் தேய்க்க மட்டும்தான் விட்டார். அப்புறம் பட்டி, பிரைமர், கடைசியில் ஸ்பிரே கன். கை நின்றால் பெயிண்ட் வழியும், ஓடினால் திட்டுத்திட்டாகும். என் கை ஒரே சீராகப் போனது. "பத்து வருஷ ஆளுக்கே இந்தக் கை வராது" என்றார். முதல் பட்டதாரிச் சான்றிதழ் கொடுத்துப் படித்தவள் நான். பாஸானபோது ஊரில் சலுகை என்றார்கள். அண்ணன் சொன்னதுதான் எனக்குக் கிடைத்த முதல் மார்க்.

பதினேழு வருடப் பழைய கார் ஒன்றை வாங்கி நீலம் அடித்தேன். அவர் ஒன்றுதான் சொன்னார்: "இறுக முப்பது நாளாகும். அதுவரைக்கும் காக்கா எச்சமோ எதுவோ பட்டா உடனே தண்ணிய ஊத்திடு. காஞ்சா பெயிண்டத் தின்னுரும்."

மூன்றாம் நாள் அப்பாவிடம் காட்ட ஊருக்கு ஓட்டிப் போனேன். அறுவடை நேரம். பாதி ரோட்டில் நெல் காய்ந்தது. வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கல் அடுக்கியிருந்தார்கள். நிலம் வைத்திருப்பவனுக்கு ரோடும் சொந்தம். என் அப்பா துரைராசு இருபது வருடம் அவர்கள் நெல்லைக் காலால் கிளறியவர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மிச்சப் பாதியில் போனபோது எதிரே வைக்கோல் டிராக்டர். நான் நின்றிருக்கலாம். நின்றால் வைக்கோல் கதவை உரசிக்கொண்டு போகும். கல்மேல் ஏற்றினால் பம்பர் பெயரும். இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு கார் நுழைகிற இடம் இருந்தது. அங்கே பாரதியக்கா நெல் கிளறிக்கொண்டிருந்தார்.

எங்கள் தெரு ஜெயபாரதிதான். நான் ஹாஸ்டலுக்குப் போன அன்று என் பெட்டியைத் தலையில் வைத்து பஸ்வரைக்கும் வந்தவர்.

நகர்ந்துவிடுவார் என்று நினைத்ததாக நேற்று சொன்னேன். அவர் எனக்கு முதுகு காட்டி நின்றார். ஹாரன் அடிக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. இடைவெளி அவ்வளவுதான்.

டிராக்டர் உரசாமல் போய்விட்டது. வைக்கோல் பாரம் உயரமாக இருந்தது, ஓட்டியவருக்குப் பின்னால் எதுவும் தெரிந்திருக்காது.

பாரதியக்கா நெல்லில் கிடந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "கயலு, தண்ணி குடும்மா" என்றார். சத்தமாகக்கூட இல்லை. ஆஸ்பத்திரி பத்து நிமிடம். ஆனால் தூக்கி உள்ளே வைக்கும்போது வளையல் கதவில் கீறும்.

பின் சீட்டில் இரண்டு லிட்டர் பாட்டில் இருந்தது. எடுத்தேன். பானெட்டில் ரத்தம் நிறையப் பட்டிருந்தது. உச்சி வெயில், ஓரங்கள் காயத் தொடங்கிவிட்டன. மேலிருந்து மெதுவாக ஊற்றினேன். தேய்க்கவில்லை, தேய்த்தால் கோடு விழும். "இங்க, கயலு" என்று மறுபடியும் கூப்பிட்டார். காதில் விழுந்தது. அப்போது பாட்டிலில் பாதிக்குமேல் இருந்தது. அதையும் பம்பரில் ஊற்றினேன். நான் கிளம்பும்போது அவர் எதுவும் கேட்கவில்லை.

சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். அது எனக்குத் தெரியாத துறை.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வண்டியை உங்கள் ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்தியிருக்கிறீர்கள். அங்கே காக்காய் அதிகம். இன்னும் முப்பது நாள் ஆகவில்லை. பக்கத்தில் யாரையாவது கொஞ்சம் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள், சார்.