இரண்டு சொட்டு நல்லெண்ணெய்

எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது சார். செல்லூரில் தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவர்கள் எல்லோருமே அப்படித்தான். கீழே தறி, மேலே குடித்தனம். சோறு போடட்டுமா என்று கேட்பதைக்கூட வெளியாட்கள் சண்டை என்று நினைப்பார்கள். நான் இப்போது சத்தமாகப் பேசினால் கோபத்தில் பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு யார் மேலும் கோபம் கிடையாது.

சீன மொழி வகுப்பில் முதலில் பெயர் கொடுத்தது நான்தான், செல்வி இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தில் மாலை நேரச் சான்றிதழ் வகுப்பு என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தனியாகப் போக வேண்டாமே என்று தாமரைச்செல்வியை இழுத்துப் போனேன். எம்.காம். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள், வாடிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். "சீனாக்காரன் பாஷையப் படிச்சு நான் எந்த வயல்ல நாத்து நடப் போறேன்?" என்று சிரித்தாள். நான்தான் கெஞ்சிச் சேர்த்தேன்.

எழுத்தில் என்னை அடிக்க ஆள் கிடையாது. எந்தக் கோடு முதலில், எந்தக் கோடு பிறகு என்று ஒன்று விடாமல் மனப்பாடம் செய்தேன். பஸ் கண்ணாடியில்கூட விரலால் எழுதிப் பார்ப்பேன். செல்வி எழுதினால் கோழி கிளறின மாதிரி இருக்கும். ஆனால் அந்த மொழியில் குரல்தான் எல்லாம். வாங்குவதற்கும் விற்பதற்கும் ஒரே சொல். குரல் இறங்கி ஏறினால் வாங்குவது, மேலிருந்து விழுந்தால் விற்பது. எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. தறிச்சத்தத்தில் வளர்ந்த காது. செல்விக்கு முதல் நாளே வித்தியாசம் தெரிந்துவிட்டது.

எங்களுக்குச் சொல்லித்தந்த ஸ்யாமளா மேடம், செல்வி வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். "காதுன்னா இது காது. இவ பேசறச்சே நான் பெய்ஜிங்ல நிக்கற மாதிரி இருக்கு" என்பார். என் முறை வந்தால், "எழுத்து முத்து முத்தா இருக்கும்மா. போதும், உட்காரு" என்பார். அந்தப் 'போதும்' காதில் விழும்போதெல்லாம் எனக்கு வயிறு பற்றி எரியும். மறைக்க என்ன இருக்கிறது? வகுப்பு முழுக்க அவள் காதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சின்னக் காது, கல் வைத்த தோடு. கஷ்டப்பட்டுப் படித்து வாங்கிய காதா அது? சும்மா வந்தது.

கொடுமை என்னவென்றால், அவள் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். கேன்டீனில் உட்கார்ந்து கையை ஏற்றி இறக்கிக் காட்டுவாள். "என் கை போற மாதிரி நீ குரலக் கொண்டுபோ மீனா. அம்புட்டுத்தான்" என்பாள். எத்தனை தடவை தப்பாகச் சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டாள். ஒரு தடவையாவது சலித்துக்கொண்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகுதான் கப்பலூர் விஷயம் வந்தது. அங்கே ஒரு கம்பெனிக்குச் சீனாவிலிருந்து மிஷின்கள் வருகின்றன. கூட வரும் இன்ஜினியர்களோடு பேச ஓர் ஆள் வேண்டும், பயிற்சிக்குச் சீனாவுக்கே அனுப்புவார்கள், மேடம் ஒருவரைத்தான் சிபாரிசு செய்யலாம். பேச்சுத் தேர்வு வைத்து முடிவு செய்கிறேன் என்றார் மேடம். வகுப்பே செல்வியைத் திரும்பிப் பார்த்தது. "எங்கய்யா என்னை அம்புட்டுத் தூரம் விடமாட்டாருப்பா. வந்தா வருது, போனா போகுது" என்றாள் அவள். எனக்கோ அந்த வீட்டை விட்டு, அந்தச் சத்தத்தை விட்டு வெளியே போக அது ஒன்றுதான் வழி. அவளுக்கு வந்தால் வருகிறதாம்.

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னைத் தயார் செய்யத்தான் வந்தாள். வந்தவள் காதைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்தாள். கால்வாயில் குளித்ததில் தண்ணீர் போய்விட்டதாம். "ரெண்டு காதும் குத்துது மீனா" என்றாள். சாப்பிட மேலே வந்திருந்த என் அம்மா ராமக்காள், "நல்லெண்ணெயச் சுடவச்சு ரெண்டு சொட்டு விடு தாயி, சரியாப் போகும்" என்று சொல்லிவிட்டுத் தறிக்கு இறங்கிப் போனாள். எங்கள் தெருவில் காது வலிக்கு எல்லா வீட்டிலும் அதுதான் வைத்தியம். முதலில் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். இதமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

தாளிக்கிற கரண்டியில் காய்ச்சி எடுத்து வந்தேன். செல்வி என் மடியில் தலைவைத்து ஒருக்களித்துப் படுத்தாள். "சுட்டுறாதடி" என்றாள். வலது காது மேலே இருந்தது. தோட்டை ஒதுக்கிவிட்டு ஊற்றினேன்.

தறி ஓடிக்கொண்டிருந்தால் கீழே எதுவும் கேட்டிருக்காது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. அவள் அலறியது தெருவுக்கே கேட்டது. இடது காதுக்கென்று கரண்டியில் மிச்சம் வைத்திருந்தேன். அம்மா படியேறி வந்ததால் கீழே வைத்துவிட்டேன்.

காதின் உள்பக்கம் வெந்து சவ்வு போய்விட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அவளுடைய அப்பா நல்லகாமன் வந்ததும் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் தலையில் கை வைத்து, "அழுவாத தாயி. நீ நல்லதுக்குத்தான செஞ்ச" என்றார். நான் நிஜமாகவே அழுதேன். செல்வி என் கையை விடவில்லை. "தலைக்குள்ள ஒரே இரைச்சலா இருக்கு மீனா. யாரு என்ன சொன்னாலும் ஒண்ணு மாதிரியே கேக்குது" என்றாள். "எங்க வீட்டுலயும் அப்படித்தான். பழகிரும்" என்றேன்.

அவர்கள் புகார் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டார்கள். காதைச் சுத்தம் செய்தபோது உள்ளே ஒரு கடுகு கிடந்தது என்று டாக்டர் எழுதி அனுப்பியதால்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். தாளிக்கிற கரண்டிதானே, ஒட்டிக்கொண்டு இருந்திருக்கும் என்று அம்மா உங்களிடம் சொன்னாள். பாவம், அவள் அதை நம்பித்தான் சொல்கிறாள். அது நான் தேய்த்துக் கழுவி வைத்த கரண்டி சார். கடுகைப் போட்டது நான். எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று தெரிய வேண்டாமா? ஒன்றிரண்டு போட்டேன். வெடிக்கிற வரைக்கும் அடுப்பை அணைக்காமல் நின்றேன். அதன் பிறகுதான் அவளிடம் எடுத்துப் போனேன்.

மறுநாள் தேர்வுக்குப் போனேன். செல்வி இல்லாததால் மேடம் என் பெயரைத்தான் எழுதினார்.

எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். இன்னொரு விஷயம். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், விசாரணை உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வரும் என்றார்கள். நல்ல பெண், எந்த வம்புதும்புக்கும் போகாதவள் என்று எழுதிக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிவையுங்கள் சார். அடுத்த மாதம் நான் கிளம்ப வேண்டும்.