மாமாவோட செட்டிங்ஸ்

விடுங்க மாமா, மறுபடி அமுக்காதீங்க. எத்தன தடவ அமுக்கினாலும் அந்தப் பொண்ணு குரல்தான் வரும், படபடன்னு நியூஸ் வாசிக்கிற மாதிரி. அது உங்க குரல் இல்லன்னு எனக்குத் தெரியாதா? ஸ்ட்ரோக் வந்து உங்க பேச்சு போனப்ப நீங்க தட்டறத சத்தமா பேசிக் காட்டற இந்த ப்ரோக்ராம எழுதிக் குடுத்தவனே நான்தானே.

எத்தன குரல் போட்டுக் காட்டினேன், எல்லாத்துக்கும் மூஞ்சிய சுளிச்சீங்க! கடைசில அந்தக் கட்டக்குரல், அதையும் மெதுவாக்கச் சொல்லி. அப்புறம் ஒரு அமுக்குக்கு ஒரு வாக்கியம் பேசற பட்டனுங்க. ஒத்தக் கட்டவெரலால ஒவ்வொரு எழுத்தா தட்டித் தட்டி, ஃபேன போடு, முதுகு வலிக்குது, டிவிய அணை... உங்க மாமியார், எங்கம்மா வந்தா அமுக்கறதுக்குன்னே ஒண்ணு வெச்சிருந்தீங்களே, இன்னும் கெளம்பலயான்னு. சிரிக்கறீங்க பாருங்க. எனக்கு சிரிப்பு வரல மாமா. எல்லாம் போச்சு.

இல்ல இல்ல, நீங்க ஒண்ணும் தப்பா அமுக்கல. சத்தியமா.

காலைல நான் அப்டேட் போட்டேன்ல? அது ப்ரோக்ராமோட பழைய ஃபோல்டர வழிச்சுப் போட்டுட்டு புதுச வெக்கும். நீங்க மாத்தி வெச்சதெல்லாம் அதுக்குள்ள இருந்திருக்கவே கூடாது. கம்ப்யூட்டர்ல உங்களுக்குன்னு சொந்தமா ஒரு எடம் இருக்கு, அப்டேட் அந்தப் பக்கமே போகாது. அங்கதான் போட்டிருக்கணும். ஆனா விண்டோஸ் கம்ப்யூட்டர்ல அது ஒரு எடம், மேக்ல வேற, லினக்ஸ்ல வேற. மூணுக்கும் எவன் எழுதறதுன்னு சோம்பேறித்தனம். ப்ரோக்ராம் கூடவே போட்டுட்டேன். இடிக்கப் போற வீட்டுக்குள்ள அடுத்தவங்க சாமான வெச்ச மாதிரி. காப்பியும் எடுத்து வெக்கல.

அக்காவா? அவகிட்ட என்னமோ கோளாறுன்னுதான் சொன்னேன். உடனே அவ, இவருதான் எதையாவது அமுக்கித் தொலச்சிருப்பாருன்னு உங்க மேல பாஞ்சா. நீங்க தட்டற அந்த ஒத்தக் கைய போர்வைக்குள்ள இழுத்துக்கிட்டீங்க. நான் பக்கத்துலயே நின்னேன் மாமா. வாயத் தொறக்கல. உங்களால எதுத்துப் பேச முடியாதுங்கற தைரியம். இப்ப உங்ககிட்ட இவ்ளோ கொட்டறதும் அதே தைரியத்துலதான், வேறென்ன.

அழாதீங்க மாமா. திட்டணும்னா திட்டுங்க... ஆமா, எப்படித் திட்டுவீங்க.

இந்தாங்க, மொதல் பட்டன் போட்டுட்டேன். கெடுத்தது நான் இல்ல, உன் தம்பின்னு சொல்லும். அக்கா வர்றா. அமுக்குங்க.